டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி எப்படி இருக்கிறார்? பதிவு வைக்கும் முறை

சிறுதுளை வழியாக டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலர் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். அந்த நடையை வைத்து ஆபரேஷன் பலித்தது என்று எழுதிவிட முடியாது. ஒரு வருடம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்பதுதான் கணக்கு. வார்டில் புதிதாகச் சேர்ந்தவர்கூட ஓர் எக்ஸெல் ஷீட்டில் இதைத் தொடங்கலாம்.

படி 1: ஆபரேஷனுக்கு முன்பே எழுதுங்கள்

முதுகெலும்பில் எந்த மட்டம் (எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று கீழ்முதுகு எலும்புகளின் எண்ணால் குறிப்பது), எந்தப் பக்கம், வலி எத்தனை வாரமாக, கால் கட்டைவிரலைத் தூக்கும் பலம் எவ்வளவு. பிறகு கேட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். குணமானவருக்குப் பழைய வலியின் அளவு சரியாக நினைவிருக்காது.

படி 2: இடுப்புக்குத் தனி, காலுக்குத் தனி

வலியை 0 முதல் 10 வரை கேளுங்கள். விலகிய டிஸ்க் நரம்பை அழுத்துவதால்தான் காலில் சுரீரென்று இழுக்கிறது. இந்த ஆபரேஷன் முக்கியமாகத் தீர்ப்பதும் அந்த வலியைத்தான்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு சிஸ்டர்."

"காலுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"காலா? அது விட்டுப்போச்சே. இடுப்புதான் பிடிக்குது."

ஒரே எண்ணாக வாங்கியிருந்தால், கால் வலி தீர்ந்த இவர் தோல்விக் கணக்கில் போயிருப்பார்.

படி 3: ஆஸ்வெஸ்ட்ரி படிவம்

இடுப்பு வலி அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்கும் கேள்விப் படிவம் இது. 10 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டினால் 50-க்கு, அதை இரண்டால் பெருக்கினால் சதவீதம். எண் கூடினால் முடக்கம் கூடுதல். தாம்பத்தியம் பற்றிய பகுதியைப் பலர் விட்டுவிடுவார்கள். வற்புறுத்த வேண்டாம். மீதி 9 பகுதிக்கு 18 வந்தால், 45-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 40 சதவீதம். படிவத்தை நீங்களாக மொழிபெயர்க்காமல், சரிபார்த்த தமிழ்ப் படிவத்தையே பயன்படுத்துங்கள்.

படி 4: தேதிகள்

6 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம், முடிந்தால் 2 வருடம். டிஸ்சார்ஜ் அன்றே எல்லாத் தேதியையும் குறித்துவிடுங்கள். தொற்று, நரம்புறை கிழிசல், அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்குவது, மறு ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் தனிக் கட்டம் வேண்டும்.

படி 5: வராதவரைத் தேடுங்கள்

அதிகம் மெனக்கெட வேண்டியது இங்கேதான். நன்றாக இருப்பவரும் வரமாட்டார். வலி தீராமல் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனவரும் வரமாட்டார். அதனால் மகன் அல்லது மகளின் போன் நம்பரையும் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். போனிலேயே இடுப்பு, கால் இரண்டின் மார்க்கையும் கேட்டுவிடலாம். அப்புறமும் ஆள் கிடைக்கவில்லையா? அந்தக் கட்டத்தில் 'நலம்' என்று எழுதாதீர்கள். 'தொடர்பு இல்லை' என்றே எழுதுங்கள்.