கணவன், மனைவி விசா: உங்கள் கல்யாணம் உண்மையானது என்று காட்டும் ஃபைலைத் தயாரிப்பது எப்படி?

நம் குமரி மாவட்டத்தில் வெளிநாட்டு வரன் அமைந்தால் கல்யாணம் எப்படி நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். பையன் கனடாவில் இருப்பான், அல்லது பெண் இங்கிலாந்தில் நர்ஸாக இருப்பாள். ஒரு மாத லீவு. அதற்குள் பெண் பார்த்து, நிச்சயம் முடித்து, கல்யாணம், மறுவீடு, சொந்தக்காரர் வீட்டு விருந்து எல்லாம் நடந்து, திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்துவிடுவோம். இதில் நமக்கு உறுத்தலாக எதுவும் தெரியாது. இதே விவரம் ஷெஃபீல்டில் ஒரு விசா அதிகாரியின் கையிலோ மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலோ போய்ச் சேரும்போது, அவருக்குத் தெரிவது வேறு: அறிமுகம் சில வாரம், சேர்ந்திருந்தது சில வாரம், அப்புறம் பிரிவு. காசு வாங்கிக்கொண்டு செய்யும் போலிக் கல்யாணமும் காகிதத்தில் இப்படித்தான் இருக்கும்.

கல்யாணம் நடந்தது என்பதை ஒரு சான்றிதழே காட்டிவிடும். அது வாழ்க்கையாகத் தொடர்கிறது என்பதைக் காட்டுவதுதான் வேலை. முதல்முறையாக விண்ணப்பிக்கிறவர்களுக்காக அந்த வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன். வருமானம், ஆங்கிலத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தனி விஷயங்கள்.

படி 1: உங்கள் நாடு என்ன கேட்கிறது என்று பாருங்கள்

இங்கிலாந்து கேட்பது, உறவு உண்மையானதா, இன்றைக்கும் தொடர்கிறதா என்று. இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர் தன் கணவனுக்காகவோ மனைவிக்காகவோ போடும் ஐ-130 என்ற மனுவோடு ஆதாரங்கள் போகும். பிறகு நேர்காணலிலும் கேட்பார்கள். கனடா இரண்டு கேள்வி வைக்கிறது: கல்யாணம் உண்மையானதா? குடியேற்றம்தான் அதன் முக்கிய நோக்கமா? இரண்டில் ஒன்றில் தவறினாலும் மறுப்புதான். அது மட்டுமல்ல, கல்யாணச் சடங்கில் இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும் என்பதும் கனடாவின் விதி. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, போனிலோ வீடியோவிலோ நிக்காஹ் முடிக்கலாம் என்று யோசிக்கும் குடும்பங்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஆஸ்திரேலியா உறவை நாலு பக்கமாகப் பிரித்துப் பார்க்கிறது: பணம், வீட்டு நிர்வாகம், சமூகத்தில் இருவரும் எப்படி அறியப்படுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவருக்கு உள்ள பற்றுறுதி. எந்த நாட்டுக்குப் போகிறவராக இருந்தாலும் இந்த நாலையும் ஃபைலுக்குத் தலைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். எந்தத் தலைப்பின் கீழ் காகிதம் குறைவு என்று உடனே தெரிந்துவிடும்.

படி 2: பதிவும் பெயரும்

தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009 எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. கோயில் ரசீது, ஆலயத்தின் திருமணச் சான்று, ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் அதோடு நிற்காமல் அரசுப் பதிவையும் லீவு முடிவதற்குள் செய்துவிடுங்கள். மாப்பிள்ளை விமானம் ஏறிய பிறகு சார்பதிவாளர் முன்னால் அவர் வந்து நிற்பது நடக்காத காரியம்.

பெயர்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும், ஆலயப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் எழுத்துப்பிழை. வெள்ளைக்கார அதிகாரிக்கு இது நாலு ஆள். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். பழைய காகிதங்களில் வேறுபாடு இருந்தால், இவர்கள் ஒரே நபர்தான் என்று நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் கடைசிப் பெயர் ஏன் வேறு என்பதையும் விளக்கக் கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இருவரில் யாருக்காவது இது மறுமணம் என்றால் முந்தைய விவாகரத்துத் தீர்ப்போ இறப்புச் சான்றிதழோ கட்டாயம் வேண்டும்.

படி 3: உங்கள் கதையைத் தேதியோடு எழுதுங்கள்

ஆதாரம் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். இருவரும் தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். மறதியால் வரும் முரண்பாடு வீட்டிலேயே பிடிபடும்.

பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தைக் காதல் கதையாக மாற்றி எழுதாதீர்கள். நான் பார்த்தவரை ஃபைல் கெட்டுப்போகும் இடங்களில் இது முக்கியமானது. பேசி முடித்த கல்யாணம் என்பது அவர்கள் அறிந்த வழக்கம்தான். யார் மூலம் வரன் வந்தது, ஜாதகம் பார்த்தார்களா, முதலில் எப்போது போனில் பேசினீர்கள், எந்தத் தேதியில் எந்த வீட்டில் சந்தித்தீர்கள், உங்களுக்கு இவரை ஏன் பிடித்தது என்பதெல்லாம் வரிசையாக வரட்டும். இப்படி:

"என் சித்தியும் அவருடைய அத்தையும் தக்கலையில் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். 2023 ஜூலையில் சித்திதான் இந்த வரனைச் சொன்னார். அவர் ஊருக்கு வருவதற்கு முன் இரண்டு மாதம் வீடியோவில் பேசினோம். கல்யாணத்துக்குப் பிறகும் நான் படிப்பை முடிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டதால்தான் நான் சம்மதித்தேன்."

இதில் அலங்காரம் ஒன்றுமில்லை, நம்பும்படி இருக்கிறது. நம் வழக்கங்களுக்கும் சின்ன விளக்கம் கொடுங்கள். ஆலயத்தில் ஓலை வாசித்தார்கள் என்றால், கல்யாணத்துக்கு முன் சபையார் அறிய அறிவித்து, தடை இருந்தால் சொல்லச் சொல்வது அது. ஊரே அறிய நடந்த கல்யாணம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மறுவீடு என்றால் என்ன என்றும் ஒரு வரி போதும்.

பழகிய காலம் குறைவு, வயது வித்தியாசம் அதிகம், மனைவி மூத்தவர், வேறு மதம், சடங்குக்குப் பெற்றோர் வரவில்லை என்று ஏதாவது இருந்தால் மறைக்க வேண்டாம். அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

படி 4: போட்டோ

கனமான ஸ்டுடியோ ஆல்பம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். அதிலிருந்து பக்கங்களை ஸ்கேன் செய்து அனுப்பாதீர்கள். நம் ஊர் ஆல்பங்களில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வெட்டி எடுத்துச் சுவிட்சர்லாந்து மலைக்கு முன்னால் ஒட்டியிருப்பார்கள். நமக்கு அது அலங்காரம். அதிகாரிக்கு அது திருத்திய படம், இல்லையென்றால் நீங்கள் போகாத ஒரு பயணம். ஸ்டுடியோவில் கேட்டு, கை வைக்காத அசல் படங்களை வாங்குங்கள்.

தாலி கட்டும் படம், மோதிரம் மாற்றும் படம் என்று சில போதும். இரு வீட்டுப் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் ஒரே சட்டகத்தில் இருக்கும் படம் கட்டாயம் வேண்டும். அப்புறம்தான் உண்மையான சரக்கு: கல்யாணத்துக்குப் பிந்தைய படங்கள். புதுமணத் தம்பதியை விருந்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரர் நம் மாவட்டத்தில் உண்டா? ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில், அந்த வீட்டுக்காரரும் தெரியும்படி ஒரு சாதாரண செல்போன் படம் எடுங்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் முட்டம் கடற்கரைக்கும் போனால் அங்கேயும் எடுங்கள். வேறு வேறு நாள், வேறு வேறு உடை, வேறு வேறு ஆட்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, இடம், படத்தில் இருப்பவர் உறவு ஆகியவை இருக்க வேண்டும்.

அழைப்பிதழ், மண்டப ரசீது, சமையல்காரர் பில் எல்லாம் கூடவே போகலாம். சீதனக் கணக்கு எழுதிய காகிதம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஃபைலில் வேண்டாம், அப்படி ஒரு காகிதம் வீட்டிலும் இருக்கக் கூடாது. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

படி 5: பிரிந்திருக்கும் மாதங்களின் தடம்

பலர் ஃபைலில் கல்யாண நாள் தடிமனாக இருக்கும், அதற்குப் பிறகு வெறுமை. நேரம் முழுவதையும் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு நாளில் தயாரிக்க முடியாத காகிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

பணத்திலிருந்து ஆரம்பியுங்கள். வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் கைமாறும் உண்டியல் (ஹவாலா) வழியில் அனுப்பிய காசுக்குத் தடமே இல்லை. மாதா மாதம் வங்கி வழியாக மனைவியின் கணக்குக்கு அனுப்புங்கள். அதை அவர் வீட்டுச் செலவுக்கு எடுப்பதும் அறிக்கையில் தெரியட்டும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் இங்குள்ள வங்கியில் வைக்கும் என்.ஆர்.இ. கணக்கிலேயே இங்கு இருக்கும் மனைவியை இணைப்புதாரராகச் சேர்க்கலாம். கணவர் உயிருடன் இருக்கும்வரை அவர்தான் முதன்மைக் கணக்குதாரர், மனைவி அதிகாரப் பத்திரத்தின் பேரில் அதை இயக்கலாம். எல்.ஐ.சி. பாலிசி, வேலையிடத்துக் காப்பீடு, வைப்புநிதி இவற்றில் நாமினியை அம்மாவிடமிருந்து மனைவிக்கு மாற்றுவதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டில் பேசிச் செய்துவிடுங்கள். தனக்குப் பின் தன் பணம் யாருக்கு என்று ஒருவர் எழுதுவது அவர் மனசைக் காட்டும் காகிதம்.

அடுத்து வீடு. மனைவியின் பெயரை அவர் பெற்றோர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கி, கணவர் வீட்டு அட்டையில் சேர்க்க இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார் முகவரியையும் மாற்றுங்கள். மனைவி தன் அம்மா வீட்டிலேயே இருக்கிறாரா? அதில் தப்பில்லை. வேலையோ படிப்போ அம்மாவின் உடல்நிலையோ, காரணத்தை எழுதுங்கள்.

பேச்சு. வாட்ஸ்அப்பில் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து நூற்றுக்கணக்கான பக்கம் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். மாதத்துக்கு ஓரிரு பக்கம், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அழைப்புப் பட்டியலும் அப்படியே. கொஞ்சல் வரிகளைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. "கரண்ட் பில் கட்டியாச்சா", "அப்பாவுக்கு சுகர் எவ்வளவு" என்று கேட்கும் பக்கங்கள்தான் குடும்பத்தைக் காட்டுகின்றன.

கடைசியாக வருகை. கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறையாவது ஊருக்கு வர முடிந்தால் வாருங்கள். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை, ஓட்டல் ரசீது எல்லாம் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸ் மை சீக்கிரமே மங்கிவிடும்.

படி 6: பிறர் எழுதும் கடிதம்

பங்குத்தந்தை, போதகர், ஜமாஅத் செயலாளர், பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர் என்று இரண்டு மூன்று பேர் போதும். "நல்ல தம்பதி, ஒற்றுமையாக வாழ்கிறார்கள்" என்று எல்லோரும் ஒரே வாசகத்தை எழுதினால் பயனில்லை. தான் கண்ணால் கண்டதை எழுத வேண்டும். அமெரிக்க மனுவுக்கு எழுதுகிறவர் தன் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பிறந்த இடம், உங்களுக்கு என்ன உறவு, இந்த விவரங்கள் தனக்கு எப்படித் தெரியும் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு 888 என்ற படிவம் இருக்கிறது, அதை அங்குள்ள குடிமகனோ நிரந்தரக் குடியிருப்பு பெற்றவரோ நிரப்புவது வழக்கம்.

படி 7: மொழிபெயர்ப்பும் அடுக்கும்

தமிழில் உள்ள எல்லாவற்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், நீங்கள் கொடுக்கும் வாட்ஸ்அப் பக்கங்களுக்கும்தான். மொழிபெயர்த்தவர் தன் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம் போட்டு, இது சரியான மொழிபெயர்ப்பு என்று உறுதி தர வேண்டும். குடும்பத்தார் செய்ததைக் கனடா ஏற்காது.

முதல் பக்கம் அட்டவணை, அடுத்து விளக்கக் கடிதம், பிறகு அந்த நாலு தலைப்புகளின் கீழ் தேதி வரிசையில் ஆதாரங்கள். கடிதத்தில் சொல்லும் ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்க எண் கொடுங்கள். படிக்கிறவர் தேடக் கூடாது.

படி 8: பொய்யும் நேர்காணலும்

ஏஜென்ட் யாராவது "ஒரு வாடகை ஒப்பந்தம் பழைய தேதியில் போட்டுவிடலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உண்மையான கல்யாணமும் ஒரு போலிக் காகிதத்தால் நாசமாகும். தவறான தகவலுக்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை, ஏமாற்றியதாகக் கண்டால் இங்கிலாந்தில் 10 ஆண்டுவரை. அமெரிக்காவில் போலிக் கல்யாணம் என்று முடிவானால் விசா கேட்டவருக்காகப் பிற்பாடு வரும் மனுக்களும் ஏற்கப்படாது, சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

நேர்காணலுக்கு மனப்பாடம் செய்ய வேண்டாம். மாமியார் பெயர், கணவர் வேலையிடம், அவர் எத்தனை பேரோடு தங்கியிருக்கிறார், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். தமிழில் பேசுவதுதான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

விசா வந்த பிறகும் ஃபைலை மூடிவிடாதீர்கள். அமெரிக்காவுக்குள் நுழையும்போது கல்யாணமாகி 2 ஆண்டு முடியவில்லை என்றால் நிபந்தனையுள்ள கிரீன் கார்டுதான் கிடைக்கும், அதன் ஆயுள் 2 ஆண்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனு போட வேண்டும். அப்போது கேட்கப்படுவது அங்கே போய் நீங்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரம். அதனால் போய் இறங்கிய முதல் மாதமே வாடகை ஒப்பந்தத்திலும் கரண்ட் பில்லிலும் வங்கிக் கணக்கிலும் இருவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.