பக் வீடியோ கருவி செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய உம்லங்காவிலும் ஜோகன்னஸ்பர்க்கின் சாண்ட்டனிலும் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்க்கிற நம்மவர்கள் பலருக்கு எதிர்முனையில் இருப்பது சென்னையோ கோவையோதான். இங்கே மாலை 4 மணி என்றால் அங்கே இரவு 7.30. ஒரு பக்கை, அதாவது மென்பொருள் கோளாறைக் கண்டு நாம் டிக்கெட் (புகார்க் குறிப்பு) போடும் நேரத்தில் டெவலப்பர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். மறுநாள் காலை 9 மணிக்கு அவர் அதைத் திறக்கும்போது நமக்கு விடியற்காலை 5.30. "இது எப்படி வந்தது, கொஞ்சம் விளக்க முடியுமா?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், ஒரு நாள் போச்சு. பக்கை வீடியோவாகவே பிடித்து அனுப்பும் கருவிக்குத் தேவை இங்கிருந்துதான் பிறக்கிறது. சொந்தமாகவே ஒன்றைச் செய்து விற்கலாம் என்று இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வழியில் சில பள்ளங்கள் இருக்கின்றன.

முதலாவது, வீடியோவையே சரக்கு என்று நினைப்பது. திரையைப் பதிவுசெய்வது இன்று பெரிய காரியம் இல்லை. பிரவுசரிலேயே அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் பக்கைச் சரிசெய்ய வேண்டியவருக்கு அது மட்டும் போதாது. 'சேமி' பட்டனை அழுத்துகிறோம், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வீடியோவில் தெரிவது அவ்வளவுதான். சர்வர் 401 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பியிருந்தால் லாகின் காலாவதியாகியிருக்கலாம். 500 என்றால் சர்வர் பக்கத்துக் கோளாறு. கோரிக்கை போகவே இல்லை என்றால் முன்பக்க ஜாவாஸ்கிரிப்டைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் இந்த மூன்றையும் வெவ்வேறு ஆட்கள்தான் பார்ப்பார்கள். ஆகவே கன்சோல் (பிரவுசர் காட்டும் பிழைச் செய்திகள்), நெட்வொர்க் பதிவு (சர்வரோடு நடந்த பரிமாற்றம்), கிளிக் எல்லாம் வீடியோவின் நொடியோடு பொருந்தி வர வேண்டும். பிரவுசர் பதிப்பு, திரை அளவு, ஆப்பின் எந்த பில்ட் (தயாரிப்புப் பதிப்பு) என்பதெல்லாம் டெஸ்டர் தட்டச்சு செய்யாமலே டிக்கெட்டில் ஏற வேண்டும்.

அடுத்தது, பட்டனை அழுத்திய பிறகுதான் பதிவு தொடங்கும் என்று விட்டுவிடுவது. பக் சொல்லிவிட்டு வருவதில்லை. வந்த பிறகு "இன்னொரு முறை செய்து காட்டு" என்றால் பல சமயம் வராது. கடைசி 2 நிமிடம் எப்போதும் கையில் இருக்க வேண்டும். பலர் இடறுவது இங்கேதான். பிரவுசரின் மீடியா ரெக்கார்டர் துண்டு துண்டாகத் தரும் தரவில் பழையதைத் தூக்கி எறிந்துவிட்டு, கடைசித் துண்டுகளை மட்டும் ஒட்டினால் போதும் என்று தோன்றும். ஒட்டிப் பார்த்தால் வீடியோ ஓடாது. கோப்பின் தலைப்பகுதி முதல் துண்டில்தான் இருக்கிறது. அதுபோக, இடையில் வரும் பெரும்பாலான படங்கள் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருப்பவை. ஆதாரமான முழுப்படம் போய்விட்டால் அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டு ரெக்கார்டர்களை நேரம் தள்ளித் தொடங்கி, மாற்றி மாற்றி நிறுத்தி ஓட்டலாம். அல்லது வீடியோவே எடுக்காமல், பக்கத்தின் டாம் அமைப்பில் (பிரவுசர் பக்கத்தை உள்ளே வைத்திருக்கும் உறுப்புகளின் மரத்தில்) நடக்கும் மாற்றங்களைப் பதிவுசெய்து, பிறகு வீடியோ போல ஓட்டிக் காட்டலாம். ஆர்ஆர்வெப் என்ற திறந்த மூல நூலகம் இதைச் செய்கிறது. குறிப்பிட்ட இடைவெளியில் முழுப் பக்கத்தையும் மறுபடி எடுத்து வைக்கச் சொன்னால், அதற்கு முந்தையதைத் தைரியமாக அழித்துவிடலாம். வங்கி, காப்பீடு, கணக்கு மாதிரியான படிவம் நிறைந்த ஆப்களுக்கு இரண்டாவது வழிதான் சரி என்பது என் கருத்து. திரையைப் பகிர ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும் தொல்லையும் அதில் இல்லை. கேன்வாஸில் (பக்கத்துக்குள் படமாக வரையும் பகுதியில்) வரையும் விளையாட்டு, வரைபடம் என்றால் உண்மையான வீடியோவே மேல்.

குரோம் எக்ஸ்டென்ஷனாகச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்டென்ஷன்களுக்கான இப்போதைய விதிமுறையான மேனிஃபெஸ்ட் 3-இல், பின்னணியில் ஓடும் நிரலான சர்வீஸ் ஒர்க்கர் 30 நொடி சும்மா இருந்தால் நிறுத்தப்படும். பதிவை அதை நம்பி விட்டால் பாதியில் போய்விடும். குரோம் 109-இல் வந்த ஆஃப்ஸ்கிரீன் டாக்குமெண்டில் (கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் பக்கத்தில்) பதிவை வையுங்கள். அப்புறம், ஃபோன் பிரவுசரில் இந்தத் திரைப்பதிவு வசதி கிடைக்காது. "எல்லாச் சாதனங்களிலும் வேலை செய்யும்" என்று விளம்பரப் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

தனியுரிமையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ஒரு காப்பீட்டுப் படிவத்தைப் பதிவுசெய்தால் வாடிக்கையாளரின் 13 இலக்க அடையாள எண் அப்படியே திரையில் வரும். தென்னாப்பிரிக்காவின் அந்த எண்ணில் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 4 ஆணா பெண்ணா என்பதைக் காட்டும், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். வங்கி அட்டைக்குப் பயன்படும் லூன் கணக்குதான் இதற்கும். ஆகவே 13 இலக்க எண் எது வந்தாலும், அந்தக் கணக்கில் தேறினால் மறைத்துவிடும்படி விதி எழுதலாம். டாம் பதிவில் இது சில வரி வேலை. வீடியோவில் என்றால், படத்துக்குள் எழுத்தைத் தேடிப் பிடித்து அழிக்க வேண்டும். எப்படியானாலும் மறைப்பு டெஸ்டரின் கணினியிலேயே நடக்க வேண்டும். சர்வருக்குப் போன பிறகு மறைப்பது பாதி மறைப்புதான்.

நெட்வொர்க் பதிவு இன்னும் ஆபத்து. அதில் குக்கீ, லாகின் டோக்கன் (பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே விடும் அடையாளக் குறி) எல்லாம் இருக்கும். 2023 செப்டம்பர், அக்டோபரில், லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் வாடிக்கையாளர் உதவி அமைப்புக்குள் நுழைந்தவர்கள், சிக்கலைக் காட்ட வாடிக்கையாளர்கள் ஏற்றியிருந்த ஹெச்ஏஆர் கோப்புகளிலிருந்து (நெட்வொர்க் பதிவைச் சேமித்த கோப்புகள்) டோக்கன்களை எடுத்தார்கள். பக் காட்ட அனுப்பிய கோப்பே சாவியாகிவிட்டது. இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அபராதம் 1 கோடி ரேண்ட் வரை போகலாம். அதன் 72-ஆம் பிரிவு வெளிநாட்டுக்குத் தகவல் அனுப்ப நிபந்தனைகள் வைக்கிறது. சர்வரை கேப்டவுனில் வைத்துவிட்டோம், கவலையில்லை என்று இருக்காதீர்கள். சென்னையில் இருப்பவர் வீடியோவைத் திறந்து பார்ப்பதையும் சேர்த்து ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஏற்றும் வேலையை அலுவலக ஃபைபரில் மட்டும் சோதித்துப் பார்ப்பதும் தவறு. நொடிக்கு 2.5 மெகாபிட் வேகத்தில் எடுத்த வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 19 எம்பி. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்து ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறவருக்கு அது காசு. டேட்டா விலைக்காக 2016-லேயே இயக்கம் நடந்த நாடு இது. எழுத்துதான் முக்கியம் என்பதால் நொடிக்கு 10, 15 படம் போதும். தெளிவைக் குறைக்காமல் படங்களைக் குறையுங்கள். பதிவை உடனுக்குடன் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடமான இண்டெக்ஸ்டு டிபியில் எழுதி, துண்டு துண்டாக ஏற்றுங்கள். 2023-இல் லோட் ஷெடிங்கோடு (முறை வைத்து வரும் மின்வெட்டோடு) வேலை பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும், திரும்பி வந்ததும் விட்ட துண்டிலிருந்து ஏற வேண்டும்.

வெளியீட்டில் அதிகம் கெடுப்பது அனுமதிப் பேராசை. எல்லாத் தளங்களிலும் எல்லாத் தரவையும் படிக்க அனுமதி கேட்டால் குரோம் ஸ்டோரின் பரிசீலனை நீளும், நிறுவும்போது வரும் எச்சரிக்கையைப் பார்த்து ஆட்களும் பின்வாங்குவார்கள். டெஸ்டர் பட்டனை அழுத்திய டேபுக்கு மட்டும் கேளுங்கள். தொடர்ச்சியான பதிவு வேண்டுமென்றால், டெஸ்ட் செய்யும் தளத்தை அவரே சேர்க்கட்டும். வீடியோவைப் பார்க்க வேண்டிய டெவலப்பரைப் புதிய கணக்கு திறக்கச் சொன்னால் அவர் திறக்கவே மாட்டார். அதற்காக யார் வேண்டுமானாலும் பார்க்கும் லிங்க்கைக் கொடுத்துவிடாதீர்கள். டிக்கெட் போடும் தளமான ஜிராவில் அவருக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமையை வைத்தே திறக்கட்டும், லிங்க்குக்கு ஒரு காலக்கெடுவும் இருக்கட்டும். கட்டணத்தைப் பதிவுசெய்கிறவருக்கு மட்டும் வையுங்கள்.

புதிய மென்பொருள்களை அறிமுகப்படுத்தும் தளமான பிராடக்ட் ஹண்டில் வெளியிடுவதாக இருந்தால், அங்கே நாள் தொடங்குவது பசிபிக் நேரம் நள்ளிரவு 12.01-க்கு. அது நமக்குக் காலை 9.01, அமெரிக்கக் குளிர்காலத்தில் 10.01. அமெரிக்கா கண் விழிப்பது நம் பிற்பகலில்தான். அன்றிரவு கேள்விகளுக்குப் பதில் சொல்ல இரண்டு பேரையாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.