அடங்கிக் கிடக்கும் ஆட்டுக்கு வலி இல்லையா? மயக்க மருந்துப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மானூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர், குட்டி ஈன முடியாமல் தவித்த கன்னி இன ஆட்டை எங்கள் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் வயிற்றைக் கீறிக் குட்டிகளை எடுத்தார். மறுநாள் காலையில் ஆடு மூலையில் சத்தமில்லாமல் படுத்திருந்தது. பதிவேட்டில் 'நலம்' என்று எழுதினேன். ஆச்சி விடவில்லை. "ஐயா, இது அசை போடவில்லை, பல்லைக் கடிக்கிறது. பக்கத்தில் வந்து கேட்டுப் பாருங்கள்" என்றார். குனிந்து கேட்டேன். அம்மியில் மணல் அரைபடுவது போன்ற நறநறப்பு. லிக்னோகெயின் கொடுத்த மரப்பு ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே விட்டிருக்கும். அதன்பின் இரவு முழுவதும் அந்த ஆட்டுக்கு வலிமருந்து எதுவும் போகவில்லை. டாக்டர் வந்து மெலாக்சிகாம் போட்டார். மதியத்துக்கு மேல்தான் அசை போட்டது.

மயக்க மருந்துப் பணியில் உதவியாளர்கள் செய்யும் தவறுகளில் இதையே முதலில் வைப்பேன். ஆடும் மாடும் வலியை மறைக்கும். பலவீனத்தைக் காட்டினால் வேட்டை விலங்குக்கு இரையாகிவிடும் என்ற பழைய பயம் அவற்றின் உடம்பிலேயே இருக்கிறது. அசை நின்றுபோவது, பல்லைக் கடிப்பது, மந்தையை விட்டு ஒதுங்குவது, குட்டியை மடியில் அண்டவிடாதது ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். நாயானால் முதுகை வளைத்து நிற்கும், படுக்கத் தயங்கும். ஏசிபுரோமசின் என்ற சாந்தப்படுத்தும் மருந்து போட்ட நாய் சாதுவாகக் கிடக்கும். ஆனால் அந்த மருந்துக்கு வலியைக் குறைக்கும் சக்தி கிடையாது. வலிமருந்தைக் கத்தி படும் முன்பே கொடுத்தால் குறைந்த அளவிலேயே நன்றாக வேலை செய்யும். எதைக் கொடுப்பது என்பது டாக்டரின் முடிவு. எத்தனை மணிக்குக் கொடுத்தோம், அடுத்த வேளை எப்போது என்று எழுதிவைப்பதும், மறந்தால் கேட்பதும் நம் வேலை.

அடுத்தது சைலசின் என்ற மயக்கமூட்டும் மருந்து. இதில் ஏற்படும் தவறு உயிரையே எடுத்துவிடும். நாய்க்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில் போடும் இந்த மருந்து, ஆட்டுக்கு 0.05 மில்லிகிராம் போதும். 20 கிலோ ஆட்டுக்குக் கணக்குப் போட்டால் 1 மில்லிகிராம். மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள குப்பியில் அது 0.05 மில்லி, ஏறக்குறைய ஒரே ஒரு துளி. 2 மில்லி சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது. ஊசி பொருந்தும் முனையில் தங்கும் மருந்தே அவ்வளவு இருக்கும். பத்து மடங்காக நீர்த்துக்கொண்டு அரை மில்லியாகப் போடுவதே சரி. மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள குப்பியும் உண்டு. எனவே ஒவ்வொரு முறையும் லேபிளை வாய்விட்டுப் படியுங்கள். செம்மறிக்கு இந்த மருந்தால் நுரையீரலில் நீர் கோக்கலாம். நிறைசினை ஆட்டுக்கு ஆகாது.

எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். மேலப்பாளையம் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லும் வியாபாரிகள் இருக்கிறார்கள். விலை பேச அது போதும், ஊசி போடப் போதாது. குட்டிக்குக் கொம்பு நீக்கும்போது இது இன்னும் முக்கியம். 3 கிலோ குட்டிக்கு, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால், 2 சதவீத லிக்னோகெயின் முக்கால் மில்லிதான். இரண்டு கொம்பையும் சுற்றிப் போடும் மொத்த அளவு அது. தாண்டினால் வலிப்பு வரலாம்.

பட்டினி விஷயத்தில் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "பட்டினி போட்டீர்களா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "காலையில் என்ன தின்றது?" என்று கேட்டால்தான், கத்துகிறதே என்று இரக்கப்பட்டு நீட்டிய அகத்திக் குழை வெளியே வரும். வளர்ந்த ஆட்டுக்கு 12 முதல் 18 மணி நேரம், மாட்டுக்கு 18 முதல் 24 மணி நேரம் தீவனம் நிறுத்த வேண்டும். பால் குடிக்கும் குட்டியை அப்படிக் காயப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். படுக்கவைத்த ஆட்டின் கழுத்துக்கடியில் சாக்கை மடித்து வைத்து, வாய் கீழ்நோக்கிச் சரியும்படி விடுங்கள். உமிழ்நீர் வெளியே வடியட்டும். இரைப்பையிலிருந்து எதுக்களித்து வந்தாலும் மூச்சுக்குழாய்க்குள் போகாது.

சிப்பிப்பாறை நாய்க்கு உடம்பில் கொழுப்பு குறைவு. தயோபென்டோன் என்ற மயக்க மருந்து போட்டால் மற்ற நாய்களைவிடத் தாமதமாகத்தான் எழும். அக்கினி நட்சத்திர வெயிலிலும் ஸ்பிரிட் துடைத்த வயிறு, டைல்ஸ் தரை, மின்விசிறி மூன்றும் சேர்ந்தால் மயங்கிய உடம்பு குளிர்ந்துவிடும். கேட்டமின் என்ற மயக்க மருந்து போட்டால் கண் திறந்தே இருக்கும், கண் களிம்பு மறக்கக் கூடாது.

தையல் முடிந்ததும் கை கழுவப் போய்விடுவது எங்கும் நடக்கிறது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான நாய்களைக் கவனித்த ஆய்வில், மயக்க மருந்து தொடர்பான இறப்புகளில் பாதிக்கு நெருங்கியவை அறுவை முடிந்த பிறகே நேர்ந்திருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்தில். அந்த மூன்று மணி நேரமும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஈறின் நிறத்தையும் மூச்சையும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது மனித மாத்திரை வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொல்லும். டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தை 2006இல் நம் நாட்டில் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்து, கூட்டம் கூட்டமாகச் செத்தன. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் அதே தடைக்குள் வந்தன. அடுத்த வேளை மருந்து எப்போது, எத்தனை நாள் என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். அதன் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: அசை போடவில்லை என்றாலோ, பல்லைக் கடித்தாலோ உடனே போன் செய்யவும்.