தடையுத்தரவு மீறல் வழக்கில் சம்மன் வந்தால் படித்துப் பார்க்க வேண்டியவை

ஊரடங்கையோ 144 தடையுத்தரவையோ மீறியதாகச் சம்மன் பெறுபவர்களில் பலர், முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடுவதே எளிய வழி என்று எண்ணுகிறார்கள். அந்த முடிவுக்கு வருமுன் வழக்குக் கட்டைப் படித்துவிட வேண்டும். இவ்வழக்குகளின் பலவீனம் பெரும்பாலும் அந்தத் தாள்களிலேயே வெளிப்பட்டுவிடும்.

முதலில் சம்பவத் தேதியைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த மீறல்களுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 223ஆம் பிரிவும், அதற்கு முந்தையவற்றுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவும் பொருந்தும். 144 என்று பேச்சுவழக்கில் நிலைத்துவிட்ட தடையுத்தரவு, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவின் கீழ் பிறப்பிக்கப்படுகிறது.

அடுத்து, வழக்கு யாருடைய புகாரில் தொடங்கியது என்பதே முக்கியமான கேள்வி. உத்தரவிட்ட அலுவலரோ, நிர்வாக முறையில் அவருக்கு மேலுள்ளவரோ, அதிகாரம் பெற்ற வேறொரு பொது ஊழியரோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் அளித்தாலன்றி, இக்குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதே விதி 195ஆம் பிரிவாக இருந்தது. 188ஆம் பிரிவின் கீழ் காவல்துறை தானாகவே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்ததும் இந்த விதியை வைத்துத்தான். ஆகவே, உங்களுக்கு இலவசமாகத் தரப்பட வேண்டிய நகல்களில் காவல் ஆய்வாளரின் இறுதி அறிக்கை (குற்றப்பத்திரிகை) மட்டும் இருந்து, உத்தரவிட்ட அலுவலரின் புகார் இல்லையென்றால், வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தை அணுகுவது குறித்து வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதே அறிக்கையில் சட்டவிரோதக் கூட்டம், வழிமறிப்பு போன்ற பிரிவுகளும் சேர்ந்திருந்தால் அவற்றை இந்த ஆட்சேபம் மட்டும் அகற்றிவிடாது என்பதை மறக்க வேண்டாம்.

புகார் முறையாக இருந்தாலும், உத்தரவு உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதையும், மீறலால் இடையூறோ தீங்கோ ஏற்பட்டது அல்லது ஏற்படக்கூடியதாக இருந்தது என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். தீங்கு விளைவிக்கும் நோக்கம் இருந்ததா என்பது பொருட்டல்ல. மருத்துவமனைச் சீட்டு, பணி அடையாள அட்டை, அனுமதிச் சீட்டு ஆகியவற்றின் தேதியும் நேரமும் சம்பவத்தோடு பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து வையுங்கள். உத்தரவிலேயே விலக்கு அளிக்கப்பட்டிருந்தால் அந்தப் பத்தியின் நகலையும் இணையுங்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்த பின் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கா என்றும் பாருங்கள். தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்குக் காரணம் காட்டப்பட வேண்டும்.

வாய்தாவைத் தவறவிடுவது வழக்கைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். பிடியாணை பிறந்துவிட்டால் அதைத் திரும்பப் பெற மனுப் போட்டு நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டியிருக்கும். வர இயலாதவர்கள் முன்கூட்டியே விலக்கு கோரலாம்.

நீதித்துறை நடுவர் குற்றச்சாட்டை விளக்கி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்கும்போது நீங்கள் சொல்லும் பதில் கூடுமானவரை உங்கள் சொற்களிலேயே பதிவாகும். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர் பின்னர் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் எதிர்த்துத்தான் மேல்முறையீடு செய்யலாம், குற்றத்தீர்ப்பை எதிர்த்துச் செய்ய முடியாது.

223ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து விளைவிக்கும் மீறலாயின் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். வழக்கு எண் எஸ்.டி.சி. என்று தொடங்கினால் அது சுருக்க விசாரணை. அதில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை விதிக்க முடியாது. முதல் முறை சிக்கியவர்கள், அரசு வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் குறிப்பாக, 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4ஆம் பிரிவின்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்குமாறு தண்டனை அறிவிக்கப்படும் முன்பே கேட்க வேண்டும். அவ்வாறு விடுவிக்கப்பட்டவருக்கு அக்குற்றத்தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஏற்படாது என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது.