நம் ஊர் வெயிலில் ஒரு ரீஃப் டேங்க்: முதல் தொட்டிக்கான செய்முறை

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் நீல வெளிச்சத்தில் ஆடும் பவளங்களைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒரு ரீஃப் டேங்க், அதாவது பவளமும் கடல்மீனும் வாழும் உப்புநீர்த் தொட்டி, வைத்தால் என்ன என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. தொட்டியை எப்படிச் சூடாக வைப்பது என்பது அவர்கள் கவலை, எப்படி ஆறவைப்பது என்பது நம் கவலை. அங்கே கடையில் சாதாரணமாக வாங்கும் பவளத்துக்கு இங்கே வழக்கே வரலாம். வெயிலையும் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஏற்ற முதல் தொட்டி ஒன்றுதான்: கொஞ்சம் மென்பவளம் (கல் கூடு கட்டாத பவளம்), பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி கோமாளி மீன்.

முதலில் சட்டம்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாமும் அதில் உண்டு. செத்துப்போன பவளக் கல்லுக்கும் இது பொருந்தும். ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாவில் பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். இன்று அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவின் பகுதி. ராமேஸ்வரம் போனபோது கரையில் கிடந்தது என்று ஒரு துண்டை எடுத்துவந்து தொட்டியில் போடாதீர்கள்.

கடையில் மென்பவளம் வாங்கும்போதும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், பில்லும் இறக்குமதி ஆவணமும் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

படி 1: தொட்டியும் இடமும்

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். உண்மை நேர்மாறு: தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பும் சூடும் வேகமாக மாறும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் நல்ல தொடக்கம். ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். கல், மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் கால் டன்னைத் தாண்டும், அதனால் சுவரை ஒட்டி, சமமான தரையில் வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம். கீழே சம்ப் (தண்ணீர் சுற்றிவரும் துணைத் தொட்டி) வைக்க முடிந்தால் ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), ஹீட்டர் எல்லாவற்றையும் அதில் மறைத்துவிடலாம். முடியாவிட்டால் தொட்டியின் பின்பக்கம் தொங்கும் ஸ்கிம்மரே போதும்.

படி 2: தண்ணீர்

“பக்கத்திலேயே கடல் இருக்கிறதே, நாலு கேன் பிடித்துவந்தால் ஆகாதா?” இது எல்லோரும் கேட்கிற கேள்வி. சென்னைக் கரையோரத் தண்ணீரில் கூவமும் அடையாறும் கொண்டுவந்து சேர்ப்பது என்னவென்று நமக்குத் தெரியும். கடையில் கிடைக்கும் ரீஃப் உப்பை வாங்கி வீட்டில் கலப்பதுதான் நிம்மதி.

கலக்கும் தண்ணீரும் சுத்தமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரினும், போர் தண்ணீரில் கரைந்த உப்புகளும், பழைய குழாயாக இருந்தால் செம்பும் வரும். செம்பு கொஞ்சம் இருந்தாலும் இறாலும் நத்தையும் பிழைக்காது. சமையலறை ஆர்ஓ போதுமா என்றால், போதாது. குடிநீருக்கான இயந்திரம் சுவைக்காகக் கொஞ்சம் தாதுக்களை விட்டுவைக்கும், கேன் தண்ணீரும் அப்படித்தான். ஆர்ஓவுக்குப் பின்னால் மிச்சத் தாதுக்களையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழல் சேர்த்து, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 36 முதல் 38 கிராம் உப்பு பிடிக்கும். பெரிய டிரம்மில் முதலில் தண்ணீர், சின்ன மோட்டாரை ஓடவிட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். நன்றாகக் கரைந்த பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவி) பாருங்கள்: 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026 வாக்கில். மீட்டரைச் சரிபார்க்க 35 பிபிடி கரைசல் தனியாக விற்கிறது, அதையும் வாங்கிவிடுங்கள்.

படி 3: சூடு

நம் ஊரில் தொட்டியின் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது. பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவுதான் பவளத்தின் பெரும்பங்கு சாப்பாடு. தண்ணீர் சூடேறினால் பவளம் அந்தப் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010, 2016 கோடைகளில் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுவே. கடலிலேயே அப்படி என்றால், மே மாத மதியத்தில் மூடிய ஹாலில் இருக்கும் 190 லிட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இலக்கு 25 முதல் 27 டிகிரி. மேற்பரப்பில் காற்றடிக்கும் சின்ன விசிறிகள் இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். கோயம்புத்தூர் மாதிரி காற்று கொஞ்சம் உலர்ந்த ஊரில் நன்றாகவே வேலை செய்யும், கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பலன் குறைவு. சென்னை, தூத்துக்குடி வாசிகள் இந்த அளவுத் தொட்டிக்கு 1/10 எச்பி சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்) வாங்குவதே நல்லது. விளக்கில் மிச்சம் பிடித்தாவது சில்லர் வாங்குங்கள் என்பேன். அதைக் கேபினட்டுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், தான் கக்கும் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு ஓயாமல் ஓடும்.

விசிறி ஓடினால் தினமும் சில லிட்டர் ஆவியாகும். போவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்ததை ஈடுகட்ட உப்பில்லாத டிஐ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தானாக நிரப்பும் ஏடிஓ கருவி இருந்தால் ஊருக்குப் போகும்போது கவலை இல்லை.

படி 4: கல், மணல், ஓட்டம்

கடலிலிருந்து எடுக்காத, செயற்கையாகச் செய்த உலர் கல் 15 கிலோ வாங்குங்கள். கண்ணாடி மேல் நேராகக் கல்லை அடுக்கிவிட்டு அப்புறம் மணலைப் போடுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டும்போது சரியும். குகையும் இடைவெளியும் விட்டு அடுக்கினால் தண்ணீர் உள்ளே புகுந்து வரும். வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 15 முதல் 20 மடங்கு தண்ணீரைத் தள்ள வேண்டும், மணலை வாரி இறைக்காத கோணத்தில்.

படி 5: காத்திருப்பு

இப்போதே மீன் விட்டால் செத்துப்போகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லில் குடியேற வேண்டும். இதைத்தான் சைக்ளிங் என்பார்கள். புட்டியில் கிடைக்கும் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கரைசலால் அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு ஏற்றுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு பச்சை இறால் துண்டைப் போட்டு அழுகவிடலாம், வீட்டில் நாற்றத்துக்குப் பதில் சொல்லத் தயாராக இருங்கள். விளக்கு தேவையில்லை.

ஏற்றிய 2 பிபிஎம்மும் 24 மணி நேரத்துக்குள் கரைந்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டினால் சைக்ளிங் முடிந்தது. வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். கடைக்காரர் ஒரு வாரத்தில் மீன் விடலாம் என்பார். டெஸ்ட் கிட் சொல்வதைக் கேளுங்கள்.

முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு விளக்கைப் போட ஆரம்பிக்கலாம், நாளுக்கு 8 மணி நேரம் போதும். மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் வரும். அது டயட்டம் என்ற நுண்பாசி, தானாகப் போய்விடும். அதற்காக மருந்து ஊற்றாதீர்கள். நாலைந்து டர்போ நத்தைகளை இறக்கிவிடுங்கள்.

படி 6: மீன்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் தீவனம் தின்னும், தொட்டிக்குப் பழகியிருக்கும். கடலில் பிடித்ததில் வலை, பயணம், சில நாடுகளில் சயனைடு வரை எல்லாம் பட்டு வந்திருக்கும்.

ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று இரண்டு வாங்குங்கள். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாக வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். சம அளவில் வாங்கினால் யார் பெரியவர் என்ற சண்டை நீளும். கடலில் அவை குடியிருக்கும் கடற்சாமந்தி (அனிமோன்) இல்லாமலும் நிம்மதியாக இருக்கும், அதைத் தேடி இப்போது அலைய வேண்டாம்.

எந்த மீனாக இருந்தாலும் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். கடல்மீனுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து உண்டு, ஆனால் பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் அதை ஊற்ற முடியாது. நோய் பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்து இரண்டரை மாதம் காலியாகப் போட வேண்டியிருக்கும்.

இந்தத் தொட்டிக்கு மொத்தம் நாலைந்து சின்ன மீன்கள்தான். கோமாளி ஜோடிக்குப் பிறகு ஒரு கோபி மீன், ஒரு பிளென்னி மீன், ஒரு கிளீனர் இறால். நீல டேங் மீன் ஓர் அடி வரை வளரும், அதற்கு ஆறடித் தொட்டி வேண்டும். மாண்டரின் மீன் அழகுதான், ஆனால் கல்லில் ஊரும் சின்னஞ்சிறு உயிரினங்களையே பெரும்பாலும் நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். புதுத் தொட்டியில் பட்டினிதான்.

படி 7: பவளம்

மீன் விட்டு ஒரு மாதம் அளவுகள் நிலையாக இருந்தால் முதல் மென்பவளம். மஷ்ரூம், லெதர், சூவாந்திட் மூன்றும் பொறுமைசாலிகள். லெதர் சில நாள் சுருங்கி, மெழுகுபோல் ஒரு தோலை உரிக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், அது குளிக்கிற விதம் அது. ஸ்டார் பாலிப், சீனியா இரண்டையும் தனிக் கல்லில் வையுங்கள், இல்லையென்றால் தொட்டி முழுக்கப் பரவிவிடும்.

சூவாந்திட்டிடம் மட்டும் மரியாதை வேண்டும். சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வெட்டக்கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கழுவவே கூடாது, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனை போனவர்கள் உலகில் உண்டு.

வாரம் ஒருமுறை 10 சதவீதத் தண்ணீர் மாற்றுங்கள். காரத்தன்மை 8 முதல் 9 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு), நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக 0 ஆனால் பவளம் பட்டினி கிடக்கும், பழுப்பு நூலாக டைனோ என்ற தொல்லைப் பாசி வந்து குடியேறும். தொட்டி கொஞ்சம் அழுக்காக இருப்பதே நல்லது.

மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஒரு ஏர் பம்ப் கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரை மட்டும் இணையுங்கள், அது மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். சில்லரை அதில் மாட்டினால் பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும்.