பிலிம் கழுவும் முன் தண்ணீரைக் குளிரவையுங்கள்

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டில் கழுவத் தனி இருட்டறை வேண்டாம். ரோலை ரீலில் (பிலிமைச் சுற்றும் சுருள் சட்டம்) ஏற்றி, டேங்கை (வெளிச்சம் புகாத மூடி போட்ட டப்பா) மூடும்வரைதான் முழு இருட்டு தேவை. அதற்கு ஒரு சேஞ்சிங் பேக் (கையை மட்டும் விட்டு வேலைசெய்யும், வெளிச்சம் புகாத பை) போதும். நம் ஊரில் பெரிய எதிரி வெளிச்சமல்ல, சூடுதான். டெவலப்பருக்கு (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) சொல்லப்படும் நேரம் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கானது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அதைவிட எங்கேயோ மேலே இருக்கும்.

இல்ஃபோர்ட் நிறுவனத்தின் எச்பி5 பிளஸ் ரோலை ஐடி-11 டெவலப்பரில், சம அளவு தண்ணீர் கலந்து (1+1) கழுவினால் 20 டிகிரியில் 13 நிமிடம். 20-ல் 4 நிமிடம் என்றால் 23-ல் 3 நிமிடம் என்பது இல்ஃபோர்டே சொல்லும் கணக்கு. அதன்படி 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம் வரும். 20-க்கு இறக்கி மல்லுக்கட்டுவதைவிட 24-ல் நிறுத்துவதே மேல். கலக்காத டெவலப்பர் என்றால் 20-லேயே 7½ நிமிடம்தான். சூடு ஏறினால் 5 நிமிடத்துக்கும் கீழே போய்விடும். அப்போது ஊற்றி வடிக்கும் சில நொடிகளே படத்தைத் திட்டுத்திட்டாக்கும். வெயில் ஊரில் 1+1 சொல்வது அதனால்தான்.

பேட்டர்சன் டேங்கில் 35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு 290 மி.லி. வேண்டும். 150 மி.லி. டெவலப்பர், 150 மி.லி. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். டெவலப்பர், ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்தும் கரைசல்), ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பெரிய பேசின் தண்ணீரில் நிறுத்தி, உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை நடுவே போடுங்கள். ஐஸைக் கரைசலுக்குள் போட்டால் அளவு கெடும்.

ரீலில் ஏற்றும்போதுதான் பாதிப் பேர் தவிக்கிறார்கள். பிலிமின் நாக்கை (ரோலுக்கு வெளியே நீட்டியிருக்கும் நுனி) நேராக வெட்டி, இரு மூலைகளையும் லேசாக வளைவாக நறுக்கிவிடுங்கள். ரீலில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிம் பாதியில் நின்றுவிடும். பைக்குள் கை வியர்த்தாலும் அதே கதைதான். ஃபேன் காற்றில் உட்கார்ந்து செய்யுங்கள். சிக்கினால் முரட்டுத்தனமாகத் தள்ளாதீர்கள். மடிந்த இடத்தில் பிறை வடிவத் தழும்பு விழும். டேங்கின் நடுக்குழாயை மறக்கவே கூடாது. வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் மூடி போட்டும் பயனில்லை, ரோல் போச்சு.

டெவலப்பரை ஊற்றியதும் முதல் 10 நொடியில் நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். டேங்கைத் தரையில் லேசாகத் தட்டுங்கள்; ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ் விலகாவிட்டால் நெகட்டிவில் வெளிறிய வட்டம் விழும். பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு முறை. விடாமல் குலுக்கினால் ஓரத் துளைகளிலிருந்து கோடுகள் இறங்கும்.

நேரம் முடிந்ததும் வடித்துவிட்டு ஸ்டாப் பாத். கடையில் கிடைக்கும் 4 சதவீத வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. அரை நிமிடம் போதும். அடுத்து ஃபிக்ஸர். அதன் வீரியத்தை முன்பே சோதித்துவிடுங்கள்: வெட்டிய நாக்குத் துண்டை ஃபிக்ஸரில் போட்டால் எத்தனை நொடியில் கண்ணாடிபோல் தெளிகிறதோ, அதைப்போல் இருமடங்கு நேரம் ரோலுக்கு. பால்போல் மங்கலாக வந்தால் ஃபிக்ஸர் போதவில்லை. மறுபடி போட்டால் சரியாகிவிடும். லேசான ரோஜா நிறம் தவறல்ல.

ஃபிக்ஸரை அலசி நீக்கக் குழாயைத் திறந்துவிட வேண்டாம். தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து வடியுங்கள். புதுத் தண்ணீரில் 10 முறை, இன்னொன்றில் 20 முறை. இதற்கும் அதே பேசின் தண்ணீர்தான். 24 டிகிரியிலிருந்த பிலிமைத் திடீரென்று சுடுதண்ணீரில் விட்டால் அதன் மேல்பூச்சான ஜெலட்டின் உப்பி, படமெங்கும் வலைபோல் வெடிப்பு விழலாம். கடைசியாக ஒரு முறை டிஸ்டில்ட் வாட்டரில் முக்கி, தூசி இல்லாத குளியலறையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். போர்வெல் தண்ணீரோடு காயவிட்டால் உப்புப் புள்ளிகள் படியும்.

ரோல் வெறுமையாக வந்தால் ஓரத்தைப் பாருங்கள். எண்களும் எழுத்துகளும் தெளிவாக இருந்தால் டெவலப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறது. பெரும்பாலும் பிலிம் கேமராவுக்குள் நகராமல் இருந்திருக்கும். அவையும் இல்லையென்றால் டெவலப்பர் செத்திருக்க வேண்டும், அல்லது ஃபிக்ஸரை முதலில் ஊற்றியிருக்கிறீர்கள். பாட்டில்களில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டிவையுங்கள்.