ஒன்றிப்பு வாரத்துக்கு முன்பே தொடங்கவேண்டிய வேலைகள்: கன்னியர் இல்லங்களுக்கு ஒரு வழிகாட்டி

கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான இறைவேண்டல் வாரம் ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கடைப்பிடிக்கப்படுகிறது. பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு வந்துவிடுவதால், பல இல்லங்களில் அது ஒரு மாலை வழிபாடு, தேநீர், நன்றியுரை என்ற அளவில் முடிந்துபோகிறது. ஆண்டு முழுவதும் ஒரு வேலையையும் சேர்ந்து செய்யாதவர்கள் அன்று மட்டும் அருகருகே அமர்வதால் பெரிய பயன் விளைவதில்லை. ஆகவே ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும்போதே ஆயத்தங்களைத் தொடங்குவது நல்லது.

இந்த வாரத்தின் வேர் ஒரு துறவறக் குடும்பத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள கிரேமூரில் 1898இல் அன்னை லுரானா ஒயிட், அருள்தந்தை பால் வாட்சன் ஆகிய இருவரும் ஒப்புரவின் பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கியபோது, இருவரும் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து கிளைத்த ஆங்கிலிக்க மரபைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள். 1908இல் அங்கே முதல் எட்டு நாள் வேண்டல் நடந்தது. மறு ஆண்டு அக்குழு முழுவதும் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தது. எல்லாரும் உரோமையோடு இணையவேண்டும் என்பதே அன்றைய வேண்டல். கிறிஸ்து விரும்பும் வகையில் ஒன்றாகவேண்டும் என்று அதை விரித்தவர், 1930களில் பிரான்சின் லியோன் நகரில் பணியாற்றிய அருள்தந்தை பால் குத்தூரியே. இந்த மாற்றத்தை இளம் சகோதரிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடவேண்டும். இல்லையேல், அடுத்த ஆலயத்தாரை நம் பக்கம் இழுக்கும் முயற்சியாக அவர்கள் இதைப் புரிந்துகொள்ளக்கூடும்.

முதல் வேலை, அண்டைச் சபையார் ஏற்கெனவே நடத்திவரும் ஒரு பணியைத் தேடிக் கண்டுபிடிப்பது. தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆலயமாக இருந்தால், பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடம் சென்று, மருத்துவமனைச் சந்திப்போ மாலை நேர வகுப்போ எது நடந்தாலும் அதில் உதவியாளராகச் சேர்ந்துகொள்ள அனுமதி கேட்கலாம். நாமே புதிதாக ஒன்றைத் தொடங்கி அவர்களை அழைத்தால், நிகழ்ச்சி நம் மடத்தில் நடக்கும், பெயர்ப்பலகையும் நம்முடையதாக இருக்கும், அவர்கள் விருந்தினராகவே நின்றுவிடுவார்கள். முன்னின்று நடத்திப் பழகியவர்களுக்குப் பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்பது எளிதன்று. ஆனாலும் முதல் ஆறு மாதங்களாவது அங்கேயே நிற்பது நல்லது.

அடுத்ததாக, சொற்களில் கவனம் தேவை. நமக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், சி.எஸ்.ஐ. மக்களில் பலருக்கோ அவர் தங்கள் ஆலயத்துப் போதகர். அவர்கள் பேராயர் என்று அழைப்பவர் நம் வழக்கில் ஆயருக்கு நிகரானவர். சபை என்றதும் நமக்குத் துறவற சபை நினைவுக்கு வருகிறது, அவர்களுக்கோ ஆலயத்தில் கூடும் மக்கள். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களில் ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்வது பல சங்கடங்களைத் தவிர்க்கும். வழிபாட்டிலும் இதே சிக்கல் உண்டு. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்திருந்தாலும், அவர்களுடைய காதுக்குப் பழகியது பழைய மொழிபெயர்ப்பே. இயேசு கற்பித்த வேண்டலில் நாம் "எங்கள் தந்தையே" என்னும்போது அவர்கள் "எங்கள் பிதாவே" என்பார்கள். நாம் நிறுத்தும் இடத்துக்குப் பிறகும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று அவர்கள் தொடர்வார்கள். எந்த வடிவம் என்பதை முன்கூட்டியே பேசி, ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். அவர்களுடைய வடிவத்தையே முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் நமக்கு எந்தக் குறையும் நேராது.

கூட்டுத் திருப்பலிக்கு இடமில்லை. பிற சபைகளின் பணியாளரோடு சேர்ந்து நற்கருணை கொண்டாடத் திருச்சபைச் சட்டம் குருக்களை அனுமதிப்பதில்லை. இதை மறைக்காமல் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

பிற சமயத்தாரோடு செய்யும் பணிக்கு இன்னும் நுட்பமான கவனம் வேண்டும். மருத்துவ முகாமில் சமயத் துண்டறிக்கைகள் வேண்டவே வேண்டாம். மருந்தகம் நடத்தும் இல்லங்கள் இரமலான் மாதத்துக்கு முன்பே சர்க்கரை நோயுள்ள முஸ்லிம்களை அழைத்து, நோன்பு நோற்கலாமா, மாத்திரை வேளைகளை எப்படி மாற்றிக்கொள்வது என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லலாம். நல்லிணக்க மேடையில் ஆற்றும் உரையைவிட இது அவர்களுக்கு உதவும் என்பது என் எண்ணம். பொது விருந்தென்றால் சைவ உணவே போதும். யாரும் எதையும் விசாரிக்கவேண்டிய தேவை எழாது.

முதியோர் இல்லம் நடத்துவோர் சேர்க்கைப் பதிவேட்டில் இறுதிச் சடங்குக்கென ஒரு பத்தியைச் சேர்க்கவேண்டும். முஸ்லிம் ஒருவர் இறந்தால், உடலைக் குளிப்பாட்டுவதும் கஃபன் துணியால் போர்த்துவதும் அவர்களுடைய ஆட்களே செய்யவேண்டியவை. அடக்கமும் தாமதமின்றி நடக்கவேண்டும். இந்து என்றால் கொள்ளி வைக்கப்போகிறவர் யார் என்பது தெரிந்திருக்கவேண்டும். மரணத் தறுவாயில் இருப்பவருக்கு யாரும் அறியாமல் திருமுழுக்கு கொடுத்துவிடும் பழைய வழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், இல்லத் தலைவி அதை உறுதியாக நிறுத்தவேண்டும். வயதுவந்த ஒருவர் தம் விருப்பத்தை ஏதேனும் ஒரு வகையில் வெளிப்படுத்தாமல் அவருக்குத் திருமுழுக்கு அளிக்கத் திருச்சபைச் சட்டமும் இடம் தருவதில்லை. அந்தப் பத்தியைச் சேர்க்கை நாளிலேயே, அவரையும் உறவினரையும் அருகில் வைத்துக்கொண்டு, ஜமாஅத்தின் தொலைபேசி எண் உட்பட நிரப்பிவிடவேண்டும். நள்ளிரவில் அதைத் தேடி அலையும் நிலை வரக்கூடாது.